அக்கா ஏற்கெனவே பாத்தவா

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் மெரைன் டிரைவுக்கும் நடுவே ஒரு கட்டைச் சுவர் ஓடுகிறது. வெயில் தணிந்ததும் ஓய்வுபெற்ற ஆண்கள் சிலர் வந்து அதில் குந்துவார்கள். நடுவில் என் தம்பி இருப்பான். ஒஸ்லோவில் பனிக்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும் என்பான். துறைமுகத்தடியில் நின்றால் புட்டுப் பானை மாதிரிக் கடலுக்கு மேலால் ஆவி எழும்பும் என்பான். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கொழும்பு வெக்கையை மறந்து தோளைக் குறுக்கிக்கொள்வார்கள்.

அதே நேரம் அந்த வழியால் நான் நடக்கப் போவேன். டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஒஸ்லோவில் ஒரு பனிக்காலம் முழுக்க இருந்தவள் நான். தம்பி, போன வருடம் வரைக்கும், கட்டுநாயக்க விமான நிலையத்தின் வெளிவாசலில் நின்று எனக்குக் கைகாட்டியதோடு சரி. ஆனால் சுவரில் இருப்பவர்கள் என்னைக் கண்டதும், "என்ன டீச்சர், நடையோ?" என்று ஒரு சொல் கேட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

எனக்குப் பொறாமை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வயது போனால் இதெல்லாம் குறையும் என்கிறார்கள். எனக்குக் கூடிக்கொண்டுதான் போகிறது. சீனி, பிரஷர் பார்ப்பது போல இதையும் மாதம் ஒருமுறை சோதித்துப் பார்த்தால் டொக்டர் குளிசையை மாற்றித் தருவார்.

நாங்கள் ஐந்து பிள்ளைகள். நான் மூத்தவள், அடுத்தவன் தம்பி, அவனுக்குப் பிறகு மூன்று தங்கைகள். தங்கைகள் மூவரும் கலியாணம் கட்டி ஒருத்தி நோர்வேக்கும் ஒருத்தி பிரான்சுக்கும் கடைசி கனடாவுக்கும் போனார்கள். நானும் தம்பியும் கட்டவில்லை. அம்மாவோடு கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தோம். நான் அங்கேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன். தம்பி புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஓர் அப்புக்காத்தரிடம் கிளார்க்காக இருந்தான். அம்மா போன பிறகுதான் வெள்ளவத்தைக்கு வந்தோம்.

வெளிநாட்டில் இருக்கும் பெண் பிள்ளைத்தாச்சி ஆனால் ஊரிலிருந்து தாயைக் கூப்பிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுக்க வேண்டும், பிள்ளையை எண்ணெய் பூசிக் குளிப்பாட்ட வேண்டும், முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்த பிறகும் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சமைத்து வைக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்குப் படியிறங்க முடியாத கால். அதனால் தாயின் இடத்துக்கு நான் போனேன். கலியாணம் கட்டாதவள் பிள்ளைப்பெறு பார்க்கப் போகிறாளாம் என்று எங்கள் ஒழுங்கையில் வாசலுக்கு வாசல் கதைத்தார்கள். கதைத்தவர்களிடம் பாஸ்போர்ட் இருக்கவில்லை.

விசாவும் எனக்குத்தான் கிடைத்தது. அரசாங்க வேலையும் நடக்க முடியாத தாயும் உள்ளவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பினார்கள் போலும். தனி ஆணாகிய தம்பிக்கு ஒவ்வொரு முறையும் இல்லை என்றே பதில் வந்தது. அந்தக் காலத்தில் அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். அவனிடம் வாங்கி வைத்த கடன் போல, கிழமைக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து போன் எடுப்பேன். அம்மாவோடு நாலு வார்த்தை கதைப்பதற்குள் அவன் போனைப் பறித்துவிடுவான். குளிர் எப்படி, சனம் எப்படி, பஸ்ஸில் யார் டிக்கட் கிழிக்கிறது, கடற்கரையில் மணல் இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பான். எனக்கு விடை தெரியாது. நான் பஸ்ஸைக் காண்பதே பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் நாளில்தான்.

ஒஸ்லோவை எனக்குக் குசினியாகத்தான் தெரியும். கொண்டுபோன சூட்கேசில் பாதி, பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குச் சாமான்கள். மிளகையும் கொத்தமல்லியையும் சட்டியில் போட்டு வறுக்கத் தொடங்கினால் கூரையில் ஒட்டியிருக்கும் புகைமணி அலறும். தங்கையின் கணவர் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறுவார். பிள்ளை திடுக்கிட்டு எழும்பும். பிறகு நான் பிள்ளையைத் தூக்க, சரக்குக் கருகும். ஃபியோர்டு என்றால் பனியாறு குடைந்த பள்ளத்துக்குள் கடல் ஏறிய இடம் என்று எத்தனை வகுப்புக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். விமான நிலைய ரயிலில் போகும்போது ஜன்னலில் ஒரு நீர்ப்பரப்பு வந்தது. அதுதான் ஃபியோர்டா, இல்லை ஏதாவது குளமா என்று கேட்பதற்குள் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டது.

பாரிஸ் தங்கை ஊருக்கு வெளியே ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தாள். பொழுதுபட்ட பிறகு குளியலறை ஜன்னலால் ஐஃபல் கோபுரத்தின் சுற்றுவெளிச்சம் தெரியும் என்று சொன்னாள். குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி, குழாயைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், எதிர்க் கட்டடத்துக்கு மேலால் ஒரு வெளிச்சம் வந்து போகும். கோபுரம் தெரியாது. பிள்ளையின் துணி அலசப் போகும்போதெல்லாம் நான் ஏறிப் பார்த்தேன். வழுக்கி விழுந்திருந்தால் பாரிசில் எங்கே விழுந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ரொறொன்ரோவில் கடைசித் தங்கை அப்போது ஒரு வீட்டின் நிலக்கீழ் பகுதியில் வாடகைக்கு இருந்தாள். ஜன்னல் கூரையோடு ஒட்டியிருந்தது. அதில் தெரிந்ததெல்லாம் போகிறவர்களின் சப்பாத்துகள். பனி கொட்டிய பிறகு அதுவும் மூடிக்கொண்டது. அங்கே நான் சரக்கு வறுத்தபோது கீழே அலறிய மணி மேலேயும் அலறி, தீயணைப்புக்காரர் பெரிய தொப்பிகளோடு படியிறங்கி வந்துவிட்டார்கள். ஒருவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தும்மினார். கனடாவில் என் இரண்டு கண்ணாலும் பார்த்த பெரிய காட்சி அதுதான்.

நயாகராவுக்கு ஒரு நாள் வெளிக்கிட்டோம். அது நான் கேட்டுப் போன பயணம். நயாகரா என் பாடம். மேலே வன்பாறை, கீழே மென்பாறை, தண்ணீர் கீழே குடையக் குடைய மேலே உள்ளது இடிந்து விழும், இப்படியே அருவி பின்னால் போய்க்கொண்டிருக்கும் என்று வருடா வருடம் சுண்ணக்கட்டி தேயத் தேயக் கீறினேன். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளில் ஒருத்தி ஒருமுறை, "டீச்சர் நேரில பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பார்க்கத்தான் போகிறேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து அது எனக்கு நானே போட்டுக்கொண்ட வேலையாக இருந்தது.

போவதற்கு முதல் நாள் அம்மாவுக்குப் போன் எடுத்து, நாளைக்கு நயாகரா போகிறோம் என்றேன். அதோடு போன் கார்ட் முடிந்தது. விடிய எழும்பிப் புளிச்சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டிக்கொண்டு வான் வண்டியில் ஏறினோம். பாதி வழியில் பிள்ளையின் உடம்பு நெருப்பாகக் காய்ந்தது. ஒரு பெற்றோல் ஷெட்டில் நிறுத்தி, பிள்ளையின் நெற்றியை நனைத்துத் துடைத்து, வந்த வழியே திரும்பினோம். புளிச்சாதத்தை வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம்.

நான் கொழும்புக்குத் திரும்பி வருவதற்குள் நான் நயாகரா பார்த்த கதை ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது. அம்மா வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லியிருந்தா. தண்ணீர் என் முகத்தில் வந்து அடித்ததாம், சேலை நனைந்துவிட்டதாம். அம்மாவுக்கு இதையெல்லாம் யார் சொன்னது என்று பார்த்தால், தம்பி. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்து, அக்கா இப்படித்தான் நின்றிருப்பா என்று அம்மாவுக்கு விளக்கியிருக்கிறான். நான் அவனைத் தனியே கூப்பிட்டு, நாங்கள் போகவில்லை, பெற்றோல் ஷெட்டோடு திரும்பினோம் என்றேன்.

"விடுங்கோ அக்கா, அம்மா சந்தோசமாக் கிடக்கிறா," என்றான்.

நான் அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அம்மா என் முகத்தை வருடி, "களைச்சுப் போனாய் பிள்ளை," என்றா. அதற்கு மேல் நான் என்ன செய்ய?

அதற்குப் பிறகு உலகம் தம்பியின் கைக்குப் போய்விட்டது. முதலில் புத்தகங்கள். பிறகு கைப்போன் வந்தது, யூடியூப் வந்தது. ஒஸ்லோவில் எந்தத் தெருவில் ட்ராம் திரும்பும் என்று அவனுக்குத் தெரியும். பாரிசில் எந்த ஸ்டேஷனில் இறங்கினால் நம்மவர் கடைகள் இருக்கும் என்று தெரியும். அவன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தான் போனதாக அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. 'பாரிசிலை என்னெண்டால்' என்று தொடங்குவான். மிச்சத்தைக் கேட்பவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். செவ்விளநீர் விற்பவர் அவனை அண்ணன் முறையில் 'அய்யே' என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் பாரிஸ் கேட்பார். அவருக்கும் சிங்களத்தில் சொல்லுவான்.

புதுக்கடையில் இருந்த காலத்தில் தம்பி ஒரு விஷயம் சொல்லுவான். சாட்சிக் கூண்டில் ஏறும் ஆட்களில், உண்மையாகப் பார்த்தவன் திணறுவானாம். பார்க்காதவன்தான் கடகடவென்று சொல்லுவானாம். அவன் இதைச் சிரிப்புக்குச் சொன்னான். எனக்கு அது நெஞ்சில் தங்கிவிட்டது. யாராவது என்னிடம் பாரிஸ் எப்படி டீச்சர் என்று கேட்டால், எனக்கு வாய்க்கு வருவது குளியல் தொட்டியின் விளிம்பு. அதை எப்படி ஒருவரிடம் சொல்வது? குளிர்தான், நல்ல ஊர்தான் என்பேன். கேட்டவர் தம்பியைத் தேடிப் போவார்.

சுவர்க் கூட்டத்தில் ஒரு ஹாஜியார் இருக்கிறார். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்து, மகன்களிடம் கொடுத்துவிட்டு இப்போது இங்கே இருக்கிறார். அவர் மகளைப் பார்க்கப் பாரிசுக்குப் போவதற்கு முன் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். எந்த ரயில், எங்கே மாறுவது, தொழுகைக்கு எங்கே போவது என்று எல்லாம் தம்பியிடம் கேட்டார். தம்பி பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் கோடு கோடாகக் கீறிக் கொடுத்தான். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். அந்த மேசையில் பாரிஸ் போனது நான் ஒருத்திதான். என்னிடம் கேட்டது, சீனி போட்டதா என்று. போய் வந்து, தம்பி சொன்ன மாதிரியே இருந்தது என்று ஒரு சொக்லேட் பெட்டி கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். நான் அதில் ஒன்றும் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், நல்ல சொக்லேட்.

போன வருடம் கனடாத் தங்கையின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளைதான். இருவருக்கும் விசா போட்டோம், இருவருக்கும் கிடைத்தது. தம்பி பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த ஒட்டுத்தாளைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தான். நான் அவனுக்காகச் சந்தோசப்பட்டேன். பொறாமையும் பட்டேன். இதுவரை என்னிடம் மிச்சம் இருந்தது போய் வந்தவள் என்கிற பெயர் மட்டும்தான். இனி அதிலும் பங்கு.

விமானத்தில் அவனிடம் சொன்னேன்: "தம்பி, இந்தமுறை நான் நயாகராவைப் பாக்கவேணும்."

"பாப்பம் அக்கா. ரெண்டு பேருமா நிண்டு பாப்பம்," என்றான். சொல்லிவிட்டு என் கையைத் தட்டினான்.

தங்கைக்கு இப்போது சொந்தமாகப் பெரிய வீடு. தம்பிக்கு மேல்மாடியில் விருந்தினர் அறை, இரண்டு பக்கமும் ஜன்னல். எனக்குக் குசினிக்குப் பக்கத்து அறை. அக்கா விடிய எழும்புகிறவா, அவவுக்கு இதுதான் வசதி என்றாள் தங்கை. அடுத்த நாளே உழுந்தும் பயறும் மேசைக்கு வந்துவிட்டன. கலியாணப் பலகாரம் கடையில் எடுத்தால் அக்காவின் கைப்பக்குவம் வராதாம். முறுக்கு, பயித்தம்பணியாரம், அரியதரம் என்று நான் அடுப்படியில் நிற்க, தம்பி தினமும் காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவான். தங்கையின் கணவர் அவனுக்காக லீவு எடுத்திருந்தார். ரொறொன்ரோக் கோபுரத்தின் உச்சிக்குக் கூட்டிப் போனார். தீவுக்குப் படகில் கூட்டிப் போனார். மருமகன் ஒருவன் உள்ளரங்குப் பனிச்சறுக்கு மைதானம் காட்டினான். நான் அந்த ஊரில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய காலத்தில் யாரும் எனக்காக லீவு எடுக்கவில்லை. நான் வந்ததே அவர்கள் லீவு எடுக்காமல் இருப்பதற்காகத்தான்.

மாலையில் அவன் திரும்பி வந்து குசினி ஸ்டூலில் இருந்து கதை சொல்லுவான். நல்லாகத்தான் சொன்னான். நான் முறுக்கைப் பிழிந்துகொண்டு கேட்டேன். கோபுரத்தில் தரை கண்ணாடியாம், காலுக்குக் கீழே கார்கள் எறும்பு மாதிரி ஓடுமாம். கோபுரம் எனக்குப் பெரிதில்லை. நான் நயாகராவுக்காகக் காத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை போவது என்று முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் முடிவானது. விடிய எழும்பிப் புளிச்சாதம் கட்டினேன். நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நூல் சேலை உடுத்து, கன்வஸ் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வான் நின்றது. தங்கையின் கணவர் ஸ்டியரிங்கில். அவருடைய தாயும் தகப்பனும் பின்னால் ஏறியிருந்தார்கள், பக்கத்தில் தங்கையின் மகன். கலியாணப் பெண் முன்னால். தம்பி நடுவில் ஜன்னலோரம் இருந்தான். தங்கை ஏற ஒரு இடம் மிச்சம்.

தங்கையின் கணவர் என்னைக் கண்டுவிட்டு, அக்காவும் வருகிறாவோ என்று கேட்டார். தங்கை சாப்பாட்டுப் பையை என் கையிலிருந்து வாங்கியபடியே அவருக்குப் பதில் சொன்னாள்.

"அக்கா ஏற்கெனவே பாத்தவா. நாளைக்கு மாப்பிளை வீட்டு ஆக்கள் சாப்பிட வருகினம், அவ நிக்கட்டும்."

"நான் பாக்கேல்லை," என்றேன்.

வகுப்பில் பின்வாங்குக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். வானுக்குள் எல்லோரும் திரும்பினார்கள். நாங்கள் பெற்றோல் ஷெட்டோடு திரும்பினோம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். தங்கை நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அவள் நடிக்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் ஞாபகம்.

"இல்லையக்கா. கட்டுச்சோறெல்லாம் நீங்கள்தானே கட்டினனீங்கள். தண்ணி முகத்திலை அடிச்சுச் சீலையெல்லாம் நனைஞ்சு போச்சுதெண்டு பிறகும் எத்தினை தரம் கதைச்சனாங்கள்."

அந்தத் தண்ணீர் தம்பியின் வாயிலிருந்து அம்மாவின் வாய்க்குப் போய், அங்கிருந்து போனில் கனடாவுக்கு வந்து, தங்கையின் ஞாபகத்தில் இறங்கியிருந்தது. இது அங்கே நின்ற இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் தம்பியைப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை, எனக்குத் தெரியும் என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும். இடம் இல்லாவிட்டாலும் போதும். அவன் இருக்கைப் பட்டியை நீவிக்கொண்டிருந்தான். இத்தனை வருடமாக அவனுக்கு இல்லை இல்லை என்று சொல்லிய உலகம் அன்றைக்குத்தான் ஒரு ஜன்னலோர இருக்கையைக் கொடுத்திருந்தது. அது எனக்கு விளங்கியது. விளங்கியது என்பதற்காக எனக்குக் கோபம் குறையவில்லை.

தங்கையின் கணவர், நேரம் போகிறது, அக்காவை இன்னொரு நாள் கூட்டிப் போவோம் என்றார். தங்கை ஏறினாள். அப்போதுதான் தம்பி தலையை நீட்டினான்.

"அக்கா, நான் வந்து எல்லாம் வடிவாச் சொல்லுறன்."

வானின் கதவு தானாக இழுபட்டு மூடியது.

நான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உழுந்தைக் கழுவினேன். அந்தப் பெரிய வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அருவி கொஞ்சம் பின்னால் போகிறது என்று படிப்பித்தவள் நான்தானே, அது என்னைக் கண்டுதான் போகிறது போலும் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தங்கை மேல் இல்லை, அவளுடைய கணவர் மேலும் இல்லை. முழுக்க முழுக்கத் தம்பி மேல். இந்த நேரம் அவன் அங்கே நிற்பான், இந்த நேரம் படகில் இறங்குவான் என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து மாவரைத்தேன். மழை பெய்யட்டும் என்றும் ஒருமுறை நினைத்தேன். வெளியே நல்ல வெயில்.

பொழுதுபடும் நேரம் வந்தார்கள். எல்லோரும் களைத்து மேலே போய்விட்டார்கள். தம்பி நேரே குசினிக்கு வந்தான். அருவிப் படம் போட்ட நீலப் பனியன் ஒன்றை அங்கே வாங்கி உடுத்தியிருந்தான். நனைந்த சட்டையை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, துவைக்கும் மெஷினுக்கு என்று என் கையில் தந்தான். கழுத்துப் பட்டியில் இன்னும் ஈரம் இருந்தது. நயாகராத் தண்ணீரில் என் கைக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். மெஷினுக்குள் போட்டு மூடினேன்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தான். முகம் பளபளவென்று இருந்தது. அப்படி ஒரு முகத்தோடு அவனை நான் சின்ன வயதிலும் கண்டதில்லை.

"அக்கா…" என்று தொடங்கினான்.

"சொல்லாதை," என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. சிரித்தான். நான் திரும்பவும், எனக்கு ஒன்றும் சொல்லாதே என்றேன். சிரிப்பு போய்விட்டது.

"அப்ப நான் ஆருக்குச் சொல்லுறது?"

"வெள்ளவத்தையிலை போய்ச் சொல்லு. அங்கை உனக்குக் கேக்க ஆக்கள் இருக்கினம்."

அவன் பனியனின் நுனியை இழுத்து நேராக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அங்கை சொன்னதெல்லாம் நீங்கள் போன இடங்கள் அக்கா. எனக்கெண்டு ஒண்டு இண்டைக்குத்தான் கிடைச்சது. அதை முதல் உங்களுக்குத்தான் சொல்லவேணுமெண்டு ஆரோடையும் கதைக்காமல் வானிலை வந்தனான்."

நெஞ்சுக்குள் ஏதோ இளகியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நீலப் பனியன் என் முன்னால் இருந்தது. அதில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சோறு போடட்டோ என்று கேட்டேன். ஓம் என்றான். போட்டுக் கொடுத்தேன். தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு மேலே போனான்.

இன்னொரு நாள் வரவில்லை. கலியாணம் வந்தது, விருந்துகள் வந்தன, பிறகு எங்கள் பயண நாள் வந்தது. வெள்ளவத்தைக்கு வந்து மாதங்கள் ஓடிவிட்டன. தம்பி வழக்கம்போல் சுவருக்குப் போகிறான். நான் நடக்கும் வழியை மாற்றிக்கொண்டேன். இப்போது பம்பலப்பிட்டிப் பக்கம் போகிறேன்.

போன கிழமை சந்தையில் மீன் வாங்கும்போது ஹாஜியாரைக் கண்டேன். என்னை நிறுத்தித் தம்பிக்கு ஏதாவது சுகமில்லையா என்று விசாரித்தார். நல்லாகத்தானே இருக்கிறான் என்றேன்.

"கனடாவப் பத்தி எல்லாம் சொல்றாரு டீச்சர். கோபுரம், தீவு, கலியாணம், ஒண்ணும் விடல்ல. நயாகரா எப்பிடின்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்கிறாரில்ல. மொதல்ல அக்கா கேக்கணும், அதுக்குப் பொறவுதான் ஒங்களுக்கு எங்கிறாரு. நீங்க இன்னும் கேக்கல்லியா?"

மீன்காரர் வெட்டித் தந்த பாரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு மாலையும் அவன் திரும்பி வந்து, கால் கழுவி, மேசையில் எனக்கு எதிரே இருப்பான். என் முகத்தைப் பார்ப்பான். எனக்குத் தெரியும். ஒரு சொல் கேட்டால் போதும், அந்த மனிதன் விடியும் வரைக்கும் சொல்லுவான். அவனைப் போல் சொல்ல யாராலும் முடியாது. கேட்டு முடிக்கும்போது எனக்கே நனைந்தது போல் இருக்கும். பிறகு அவன் சுவருக்குப் போய் அதை எல்லோருக்கும் கொடுத்துவிடுவான்.

சில நாள் பாவமாக இருக்கும். கேட்டுவிடலாம் என்று வாய் வரை வரும். உடனே அந்த வானின் கதவு மூடுவது தெரியும். தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன். என்னிடம் இருக்கும் ஒரே நயாகரா அவன் சொல்லாமல் வைத்திருப்பதுதான். அதையும் அவனுக்குக் கொடுத்துவிட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.